கொழும்பு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து மனைவி வழிச் சொந்தம், யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா, டொரண்டோவிலிருந்து பிள்ளைகளோடு மச்சான். வெளிக்கிடுவதற்கு முதல் கேட்பதெல்லாம் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. கட்டணம் எதுவும் எழுதவில்லை, எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

கொழும்புல அப்படி என்ன இருக்கு? ஏர்போர்ட்லேர்ந்து நேரா கண்டிக்குப் போயிடலாமா?

போகலாம், பலர் அப்படித்தான் போகிறார்கள். சிகிரியா மாதிரி ஒரு மலை, தஞ்சாவூர் மாதிரி ஒரு கோபுரம் என்று தேடினால் இங்கே கிடைக்காது. இது துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். வெவ்வேறு காலங்களில் வந்த செட்டிமாரும் சோனகரும் மலாய்க்காரரும் போராக்களும் பார்சிகளும் ஆளுக்கொரு தெருவில் நிலைத்தார்கள். பார்க்க வேண்டியது அந்தத் தெருக்களைத்தான்.

இரண்டு நாள் போதும். காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை ஒரு சுற்று, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இன்னொன்று. நடுவில் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கள். உச்சிவெயிலில் சுற்றியவர்கள்தான் ஊருக்குப் போய் "கொழும்பில் ஒன்றுமில்லை" என்கிறார்கள்.

தமிழ்ல பேசினா புரியுமா சார்?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களில் தாராளமாகக் கதைக்கலாம். முஸ்லிம் கடைக்காரர்கள் பெரும்பாலும் தமிழ்தான் பேசுவார்கள். பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும். மற்ற இடங்களில் கொஞ்சம் ஆங்கிலம் போதும்.

அம்மா, அக்கா என்ற சொற்கள் சிங்களத்திலும் அதேதான். ஆனால் அங்கே 'அய்யா' என்றால் அண்ணன். ஓட்டோக்காரரை மரியாதைக்கு 'ஐயா' என்று கூப்பிட்டால் அவர் உங்களுக்கு அண்ணனாகிவிடுவார். என் மாமனார் எழுபது வயதில் இருபத்தைந்து வயதுப் பையனைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டு, பஸ் முழுக்கச் சிரித்தது. இளையவரென்றால் 'மல்லி'. பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் நடத்துநரிடம் 'பஹினவா' என்றால் போதும்.

மேப்பில மவுண்ட் லவீனியா என்று கிடக்கு, நீங்கள் கல்கிசை என்கிறீங்கள். எது சரி?

இரண்டும் ஒரே இடம். இந்தக் குழப்பம் ஊர் முழுக்க உண்டு. சினமன் கார்டன்ஸ் நமக்குக் கறுவாத்தோட்டம், ஸ்லேவ் ஐலண்ட் கொம்பனித்தெரு, சீ ஸ்ட்ரீட் செட்டியார் தெரு, மோதறை முகத்துவாரம். பெட்டா என்பது நம்முடைய 'பேட்டை'யிலிருந்து போன சொல் என்கிறார்கள். நாம் அதை விட்டுவிட்டுப் புறக்கோட்டை என்கிறோம்.

முகவரியில் எண்ணைப் பாருங்கள். கொழும்பு 1 கோட்டை, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. 15 வரை போகும். உள்ளூர்க்காரர் 'கொழும்பு ஏழு' என்று சொல்லும் தொனியிலேயே காணி விலை தெரிந்துவிடும்.

எந்த மாசம் வந்தா மழை இருக்காது?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடி மின்னலோடு கொட்டும், ஆனால் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சென்னைக்காரர் 'ஜூனில் வெயில்தானே' என்று குடையில்லாமல் வந்து நனைகிறார்கள்.

மழையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஏப்ரல் 13, 14. புத்தாண்டுக்குக் கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகள் பல நாள் பூட்டியிருக்கும். வெறிச்சோடிய வீதிகளில் நடக்கப் பிடிக்குமென்றால் அப்போது வாருங்கள்.

கப்பல்ல வரலாமாமே, நெசமா?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு. ஆனால் அது யாழ்ப்பாணப் பக்கம், அங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொழும்பு மட்டும் பார்க்க வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரந்தான். ஒருகாலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். 1964 புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள எப்படி வர்றது?

விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், வடக்கே 35 கிலோமீட்டர் அளவில். அதிவேக வீதியால் வந்தால் சீக்கிரம், பழைய நீர்கொழும்பு வீதியால் வந்தால் நெரிசல். பகலில் பெட்டி குறைவாக இருந்தால் 187 பஸ். இரவென்றால் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் கார் போடுங்கள். இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதான், கடிகாரத்தைத் திருக வேண்டாம்.

ஊருக்குள்ள ஓட்டோவா, பஸ்ஸா?

தூரம் குறைவென்றால் ஓட்டோ. மேலே சொன்ன செயலிகளில் ஓட்டோவும் வரும், பேரம் தேவையில்லை. வீதியில் மறித்து ஏறினால் மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். காலி வீதியில் (Galle Road) நேராகப் போக 100, 101 இலக்க பஸ்கள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆனால் என் வோட்டு ரயிலுக்குத்தான். கோட்டை, செயலகம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தண்டவாளம் கடலோடு ஒட்டி ஓடும், அலை பெரிதாக இருக்கும் நாளில் வாசலில் நிற்பவருக்குத் தூவானம் அடிக்கும். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். டிக்கெட் ஒரு தேநீர் விலைகூட வராது. காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மட்டும் ஏறாதீர்கள், அப்போது அது அலுவலகக்காரரின் ரயில், உள்ளே கையை அசைக்க இடமிருக்காது. இதே பாதை 116 கிலோமீட்டர் தள்ளிக் காலி வரை போகிறது.

சன்ரைஸ் பார்க்க பீச்சுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?

மெரினாவில் பழகியவர்களின் கேள்வி. இது மேற்குக் கரை. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் உதிக்கும், மறைவதுதான் கடலில். ஆண்டு முழுக்க மாலை ஐந்து ஐம்பதுக்கும் ஆறரைக்கும் நடுவில் மறைந்துவிடும். ஐந்தேகாலுக்குக் காலி முகத்திடலில் இருங்கள். எங்கள் வாயில் அது 'கோல்பேஸ்'.

அது மணற்கரை அல்ல, புல்வெளி. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல், உலாவும் இடமாக முடிக்கப்பட்டது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் காக்கும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு அவர் வைத்த கல் இருக்கிறது. ஒரு முனையில் 1864இல் தொடங்கிய கோல்பேஸ் ஹோட்டல், மறு முனையில் 1930இல் திறந்த பழைய நாடாளுமன்றக் கட்டடம், இப்போது ஜனாதிபதி செயலகம். 2022இல் நாட்டையே புரட்டிய போராட்டக்காரர் கூடாரமடித்தது இதன் முன்னால்தான்.

போனால் இஸ்ஸோ வடை சாப்பிடாமல் வராதீர்கள். பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்து, வெங்காயச் சம்பல் போட்டுத் தருவார்கள். சூடாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள், கண்ணாடிப் பெட்டியில் காலையிலிருந்து இருப்பது வேண்டாம். பட்டம் விடும் பிள்ளைகளுக்கு நடுவே, கைவரிசை காட்டும் காகங்களிடமிருந்து அதைக் காப்பாற்றித் தின்பது உங்கள் சாமர்த்தியம்.

கடல்ல குளிக்கலாமா?

கோல்பேஸில் கூடாது. கல்கிசையில் மணற்கரை உண்டு, கடல் அமைதியான மாதங்களில் குளிக்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை அங்கேயும் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

பிள்ளையளோட பெட்டாவுக்குள்ள போகலாமோ? சனம் நெரிக்குமாமே?

நெரிக்கும், அதற்காகத்தானே போகிறோம். காலை எட்டரைக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போங்கள். பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டு. தலையில் மூட்டை, கையில் தள்ளுவண்டி என்று வரும் நாட்டாமைமார் 'வழி, வழி' என்பார்கள். உடனே ஒதுங்குங்கள், அவர்களால் நிற்க முடியாது. நாட்டாமை என்றால் இங்கே சுமைதூக்குபவர், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை.

தெருவுக்கொரு வியாபாரம். மெயின் வீதியில் துணி, முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான், கெபோஸ் ஒழுங்கையில் மருந்துச் சரக்கு. அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தால் வசம்பும் வேரும் பட்டையும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகப் பலகாரம் போல நிற்பது 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். பழைய ஆட்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. மினாரெட்டுகளின் உச்சியில் மாதுளம்பழம் போன்ற வடிவங்கள். கூகுளைவிடப் பழைய வழிகாட்டி இது, துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் இதை அடையாளம் வைத்துத்தான் கொழும்பைக் கண்டுகொள்வார்களாம். தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமான உடுப்போடு போய் அனுமதி கேளுங்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடை, நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். முருகனின் ஆடிவேல் விழாவில் வேல் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குத் தேரேறிப் போகும். அதற்கு மேலே வுல்பெண்டால் தேவாலயம், ஒல்லாந்தர் 1757இல் திறந்தது. பிள்ளைகள் அதற்குள் களைத்துவிடுவார்கள், பலூடா வாங்கிக் கொடுங்கள்.

கோட்டை கோட்டை என்றீங்களே, கோட்டை எங்க?

இல்லை. மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம். புறக்கோட்டை என்றால் அந்தக் கோட்டைக்கு வெளியே உள்ளது, சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ' என்பதும் அதே பொருள்தான். இப்போது அங்கே பார்க்க இருப்பவை சத்தாம் வீதியின் மணிக்கூட்டுக் கோபுரம் (இடையில் கலங்கரை விளக்கமாகவும் வேலை செய்தது), சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடம், ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி. கடைசியது இப்போது சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த முற்றம், தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் அப்படியே இருக்கின்றன. துறைமுகம், படையினர், ஜனாதிபதி மாளிகை பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

மியூசியம் போரடிக்குமா?

உங்களுக்கு அடிக்காது என்று பந்தயம் கட்டுவேன். தேசிய அருங்காட்சியகம் இருப்பது கொழும்பு 7இல், 1877இல் ஆளுநர் கிரகரி திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். கண்டி அரசரின் சிம்மாசனத்தை 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தார்கள், அது இங்கே இருக்கிறது. பொலன்னறுவையில் கிடைத்த சோழர் பாணி வெண்கலச் சிவனும் அம்மனும் இருக்கிறார்கள்.

ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நேராகப் போக வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டுக்கு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதி போட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாமிய வழிபாட்டுக்கு, தமிழில் தெவிநுவரை ஊர்த் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போகிறது. சீனாவிலிருந்து கப்பலேறும்போதே இந்தக் கரையில் தமிழ் தேவை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் நின்று வெளிச்சம் விழும் கோணத்தில் பாருங்கள்.

வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். சில இடங்களில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கங்காராமயாவுக்கு என்ன உடுத்திக்கொண்டு போறது?

அது பௌத்த விகாரை, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்பி எடுக்கக் கூடாது, இதை இங்கே பெரிய அவமதிப்பாக எடுப்பார்கள். புத்தர் பச்சை குத்தியிருந்தால் மறைத்துவிடுங்கள், அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட சுற்றுலாப் பயணி உண்டு.

கோயிலுக்குள் கார் முதல் கைக்கடிகாரம் வரை குவித்து வைத்திருப்பார்கள், எனக்குத் தலை சுற்றும். பக்கத்தில் பேரை ஏரிக்குள் இருக்கும் சீமமாலக்க வேறு மாதிரி. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த மரமண்டபம், ஒரு முஸ்லிம் குடும்பம் இறந்த மகனின் நினைவாகப் பணம் கொடுத்துக் கட்டியது. ஆறு மணிக்குப் பிறகு அங்கே போய்ச் சும்மா இருங்கள். ஏரி சில நாள் மணக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

நாங்க கோயில் குளம்னு போறவங்க. அதுக்கு என்ன இருக்கு?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். உள்ளே மின்விளக்கு குறைவு, எண்ணெய் விளக்கின் வெளிச்சமும் குளிர்ந்த கல்லும்தான். கொழும்பில் எனக்குப் பிடித்த ஒரே இடம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அருகிலேயே புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமை சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்பார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று, பை சோதிப்பார்கள். நேரமிருந்தால் களனி விகாரைக்கும் போங்கள், அங்கே விபீஷணருக்குச் சன்னிதி இருக்கிறது. கம்பராமாயணம் படித்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் நகரவேயில்லை.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருப் பக்கமும் சைவக்கடைகள் உண்டு, இடியப்பமும் சொதியும் வாங்குங்கள். மற்றக் கடைகளில் ஒரு ஆபத்து மாசி. சம்பல், பருப்பு, கீரை என்று எதிலும் மாசிக் கருவாட்டுத் தூள் விழுந்திருக்கலாம். 'மீன் இல்லை' என்று சொன்னாலும் மாசியைச் சிலர் மீனாகவே கணக்கெடுப்பதில்லை. 'மாசி போட்டதா?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொத்து ரொட்டி நான் சொல்லாமலே தெரியும். பலர் விடுவது லம்ப்ரைஸ். ஒல்லாந்தர் வழிவந்த பேர்கர் வீட்டுச் சமையல், சோறும் கறியும் வாழையிலையில் பொதிந்து வாட்டியது. டச்சு பேர்கர் யூனியனில் கேளுங்கள்.

நாங்கள் வார அன்றைக்குப் போயாவாம். பிரச்சினையா?

போயா என்றால் பௌர்ணமி, மாதம் தவறாமல் பொது விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள், பல கடைகள் பூட்டு. புறக்கோட்டையை வேறு நாளுக்கு மாற்றிவிட்டு விகாரைகளுக்குப் போங்கள், வெள்ளையுடுத்த கூட்டம் பார்க்க அழகு. மே மாத வெசாக் என்றால் அதிர்ஷ்டம்: காகித விளக்குக் கூடுகள், தோரணங்கள், தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள். வரிசையில் நில்லுங்கள், யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள்.

கோல்பேஸ்ல ஒருத்தர் 'இன்னைக்கு மட்டும் யானை ஊர்வலம்'னு கூப்பிட்டார். போகலாமா?

போகாதீர்கள். மேலே சொன்ன கங்காராமயாவின் நவம் பெரஹெர பெப்ரவரிப் போயாவை ஒட்டித்தான், மற்ற மாதங்களில் 'இன்று மட்டும்' யானை கிடையாது. நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, தயாராக நிற்கும் ஓட்டோவில் ஏற்றி, ஒரு இரத்தினக்கல் கடையில் இறக்குவார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி லண்டனிலிருந்து வந்த முதல் நாளே நீலக்கல் என்று கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தான். அவன் படித்தது கணக்கியல்.

தாமரைக் கோபுரம், மிருகக்காட்சிசாலை, போர்ட் சிட்டி?

கோபுரம் 350 மீட்டர், 2022இல் திறந்தது. ஊரை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் மழையில்லாத பின்னேரம் ஏறுங்கள், இல்லையென்றால் கீழிருந்து பார்ப்பது இலவசம். தெஹிவளை மிருகக்காட்சிசாலை சின்னப் பிள்ளைகள் இருந்தால். கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் எடுத்த போர்ட் சிட்டியில் நிழலுக்கு மரம் வளர இன்னும் காலமாகும்.

தலைநகர் கொழும்பா, கோட்டேயா? பரீட்சையில கோட்டே என்றுதான் படிச்சனாங்கள்.

பரீட்சைக்குக் கோட்டே சரி. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் 1982 முதல் நாடாளுமன்றம் இயங்குகிறது. தியவன்னா ஓயாவின் நடுவே, அதுவும் பாவா கட்டியது. ஜனாதிபதி செயலகம், தூதரகங்கள், பெரிய வங்கிகள் எல்லாம் கொழும்பில்தான். இரண்டும் ஒட்டிக்கிடப்பதால் எங்கே எல்லை என்று ஓட்டோக்காரருக்கே தெரியாது.

கோட்டேயைக் கட்டியவர் அழகக்கோனார். அங்கிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள்தான் 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர். பத்தரமுல்லையில் தியத்த உயனப் பூங்காவில் மாலை உட்கார்ந்தால் நாடாளுமன்றம் தண்ணீருக்கு அப்பால் தெரியும். அதற்குமேல் அங்கே போய்ச் செய்ய அதிகமில்லை.

83க்கு முதல் அப்பா வெள்ளவத்தையில இருந்தவர். அந்த வீட்டைத் தேடிப் பார்க்கலாமா?

டொரண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் கடைசி நாளில், தயங்கித் தயங்கிக் கேட்பது. தேடலாம். 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த தமிழர் வீடுகள் பலவும், தப்பியவையும், இப்போது அடுக்குமாடிகளாகிவிட்டன. வீடு இருக்குமென்று நம்பி வராதீர்கள். ஒழுங்கை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். புறப்படுவதற்கு முன் அப்பாவிடம் இலக்கத்தை மட்டும் கேட்காமல், மூலையில் என்ன கடை இருந்தது, எந்தப் பக்கம் கடல், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலக்கங்கள் மாறியிருக்கலாம், கடலின் பக்கம் மாறாது.

காலை ஏழு மணிக்குப் போங்கள், பழைய ஆட்கள் பத்திரிகை வாங்க வெளியே வரும் நேரம். தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிலர் தெரியாது என்பார்கள், சிலர் உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்வார்கள். படம் எடுப்பதென்றால் இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஓட்டோவைக் காக்க வைக்காமல் அனுப்பிவிடுங்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்களென்று உங்களுக்கே தெரியாது. கடல் பக்கத்து ஒழுங்கையென்றால் முடிவில் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம். அங்கேயிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை, இடியப்பம் வைத்திருப்பேன்.